சீமைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு விழுப்புரத்து ஃபிட்டர்

சென்னையில் நடந்த நேர்முகத்தில் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி எஞ்சினைப் பற்றியதல்ல, சாப்பாட்டைப் பற்றியது.

"அங்கே போய் என்ன சாப்பிடுவாய்?" என்றார் வெள்ளைக்கார அதிகாரி.

"எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவேன், சார்."

"மாட்டிறைச்சி?"

"வீட்டிலேயே சாப்பிடுவோம், சார்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த நம்மவர் ஒருவர் பேனாவை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாத பதில் அது. அதிகாரியோ தலையை ஆட்டிவிட்டு என் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு அர்த்தம் நான் சீமைக்குப் போகிறேன் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இங்கிருந்து இளம் தொழிலாளிகளைத் தேர்ந்தெடுத்து, இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கேயுள்ள தொழிற்சாலைகளில் சில மாதம் படிக்கவும் பழகவும் வைத்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஒன்றை சர்க்கார் செய்திருந்தது. நான் அப்போது விழுப்புரம் ரயில்வே எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். என் அப்பா கூட்டேரிப்பட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறர் நிலத்தில் உழைத்தவர். எங்களுக்கென்று ஒரு காணி நிலம் கிடையாது. திண்டிவனத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததாலும், அரம் பிடிக்கிற கை எனக்குச் சுத்தமாக அமைந்ததாலும் ஷெட்டில் இடம் கிடைத்தது.

எங்கள் ஷெட்டிலிருந்து இரண்டு பேர் தேறினோம். மற்றவர் வானூர்ப் பக்கத்துக்காரர். சொந்த நிலமும் கிணறும் உள்ள குடியானவர் வீட்டுப் பிள்ளை. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்து வைஸ் பிடியில் இரும்பைக் கவ்வவைத்து ராவியிருக்கிறோம். அவர் என்னை "டா" போட்டுப் பேசுவார், நான் அவரிடம் "ங்க" போட்டுப் பேசுவேன். அதில் கோபமோ தாபமோ இல்லை, அது அப்படித்தான். மத்தியானச் சங்கு ஊதினால் ஊர்க்காரர்களோடு அவர் வேப்பமரத்தடிக்குப் போவார். நானும் சேரியிலிருந்து வந்தவர்களும் கரிக்குவியலின் நிழலுக்குப் போவோம். அந்த மூன்று வருஷத்தில் அவர் தூக்குச் சட்டியில் என்ன இருந்தது என்று நான் பார்த்ததில்லை.

பம்பாயில் கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, வாந்தியும் பயமுமாக வாரக்கணக்கில் போய்ச் சேர்ந்தோம். இங்கிலாந்தின் வடக்கே, எந்நேரமும் புகை சூழ்ந்த ஒரு தொழில் நகரம். ஒரு விதவை அம்மாளின் வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சாப்பாட்டு மேஜை.

முதல் நாள் தட்டில் அவித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டைக்கோஸ், அவித்த பட்டாணி. எல்லாமே அவித்தது. மிளகாய் என்ற பொருள் உலகத்தில் உண்டு என்பதே அந்த நாட்டுக்குத் தெரியாதோ என்று தோன்றியது. வலது கையில் கத்தி, இடது கையில் முள்கரண்டி. நான் பட்டாணியைக் குத்தப் போனால் அது உருண்டு ஓடியது. வானூர்க்காரர் ஒன்றைத் துரத்தி மேஜையின் மறுமுனை வரைக்கும் போனார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பட்டாணியைக் கிழங்கோடு சேர்த்து மசித்து முள்ளின் முதுகில் ஏற்றி வாய்க்குக் கொண்டுபோனார். அதைப் பார்த்து நாங்களும் செய்தோம். நூலிழைக் கணக்கில் இரும்பை ராவுகிற கைக்கு ஒரு வாரத்தில் அதுவும் வசப்பட்டது.

ஒரு காலை, மாடியில் படுத்திருந்தபோது கீழேயிருந்து வந்த வாசனையில் திடுக்கிட்டு எழுந்தேன். கருவாடு! எங்கள் அம்மா அடுப்பில் சுடும் அதே வாசனை. நான் படியிறங்கி ஓட, பின்னாலேயே வானூர்க்காரரும் ஓடி வந்தார். புகையில் வாட்டிய ஒரு மீனை அந்த அம்மாள் சுட்டுக்கொண்டிருந்தார். கிப்பர் என்றார்.

"இவங்க ஊட்லயும் கருவாடு கீதுடா!" என்றார் வானூர்க்காரர், கண்ணெல்லாம் மின்ன. இருவரும் முள்ளை மட்டும் மிச்சம் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குத்தான் அந்த வீட்டில் மரியாதை அதிகம். அன்றைக்கு மாட்டிறைச்சி வரும். எல்லாம் ரேஷன் காலம், வாரம் முழுவதற்கும் சேர்த்துக் கிடைப்பது ஒரு கையகலத் துண்டு. அந்த அம்மாள் கோயிலுக்குப் போய் வந்த நல்ல உடுப்போடேயே அதை மேஜை நடுவில் வைத்து, மெல்லிசாக அறுத்து, ஒவ்வொருவர் தட்டிலும் பிரசாதம்போல வைப்பார். வானூர்க்காரர் தொடமாட்டார். அந்த அம்மாள் அவர் பங்குக்குக் கொஞ்சம் சீஸ் கொடுத்துவிட்டு, அவருடைய துண்டை என் தட்டில் வைப்பார்.

நான் அந்த வெள்ளைப் பீங்கான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. எங்கள் தெருவில் இந்தக் கறி வேகும் நாளில் ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றுப்பாதையில் போவார்கள். இங்கே ஒரு நாடே இதற்காக ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அன்று சாயங்காலமே அப்பாவுக்கு எழுதினேன். மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். அப்பா அதன் பிறகு செய்ததை, ஊர் திரும்பிய பின் அம்மாதான் சொன்னாள்.

"உங்கப்பன் அந்தக் காய்தத்த மடியில வச்சிக்கினே சுத்திச்சி. களத்துமேட்டுல மல்லாட்ட மூட்ட தூக்கிக்கினு நிக்கசொல்ல, நெலக்காரர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிச்சாம். 'சீமையில தொரைங்க நாயித்துக்கெழமன்னா நம்ம கறியத்தான் துன்றாங்களாம் சாமி, கத்தி முள்ளெல்லாம் வச்சிக்கினு'ன்னு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்லுவாரு? மூட்டய எறக்குடான்னாரு."

நாங்கள் சீமைக்குப் போய்ச் சேர்ந்து மாதம் ஒன்று போன பிறகு ஒரு சனிக்கிழமை, நகரத்துக்கு நடுவிலிருந்த ஒரு ஹோட்டலுக்குப் போகலாம் என்றார் வானூர்க்காரர். கண்ணாடிக் கதவு, உள்ளே மேஜைக்கு மேஜை வெள்ளை விரிப்பு. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, திரும்பிப் பார்த்தால் நான் இல்லை. நான் கட்டடத்தின் பக்கத்துச் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

"எங்கடா போற? வாசலு இங்க கீது."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் பின்பக்கத்து ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தேன். திண்டிவனம் கடைத்தெருவில் எங்களுக்குக் காபி அப்படித்தான் கிடைக்கும். கொல்லைப்புற ஜன்னலில் தனிக் குவளை தொங்கும். எடுத்து நீட்டினால் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு நாமே கழுவி மாட்ட வேண்டும். பத்தாயிரம் மைல் தாண்டி வந்தும் என் கால்கள் அந்தச் சந்தை விடவில்லை.

வானூர்க்காரர் சந்துக்குள் வந்து, என் முழங்கையைப் பிடித்து முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பணிப்பெண் வந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்து, "என்ன வேண்டும், சார்?" என்றாள். அட்டையில் பத்துப் பதினைந்து பதார்த்தங்கள் இருந்தும் எனக்கு டீ என்ற சொல்தான் வாயில் வந்தது. குடித்து முடித்த பிறகு என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை எடுத்தாள். பக்கத்து மேஜையில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி குடித்த கோப்பைகளையும் அதே தட்டில் அடுக்கினாள். உள்ளே ஒரு கதவு திறந்து மூடிய இடைவெளியில், எல்லாம் ஒரே தொட்டியில் முழுகுவதைப் பார்த்தேன். உடனே இன்னொரு டீ கேட்டேன். வானூர்க்காரருக்கு ஏன் என்று புரியவில்லை. அது இரண்டாம் தடவையும் அப்படியே நடக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டேன். நடந்தது.

சீமையைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கோடையில் கடற்கரை ஊர் ஒன்றுக்கு இருவரும் ரயிலில் போயிருந்தோம். பசி. ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். பாதி மேஜைகள் காலி. கடைக்காரர் எதிரே வந்து நின்று, "இடமில்லை" என்றார். "அதோ காலியாக இருக்கிறதே" என்று வானூர்க்காரர் கை காட்டினார். "உங்களுக்கு இடமில்லை" என்றார் அவர், அமைதியாக, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு.

வெளியே வந்ததும் வானூர்க்காரர் அந்தக் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து எந்த வாசலிலும் அவரை யாரும் நிறுத்தியதில்லை. நான் தெருமுனைக் கடையில் எண்ணெயில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, விரலால் எடுத்து, ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தன. கத்தியும் இல்லை, முள்ளும் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் கையால் சாப்பிட்டேன். அவர் தம் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"உனக்குக் கோவமே வரலையா?" என்றார்.

"எனக்குப் பழக்கங்க."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன்.  ரயிலில் திரும்பும்போது, பாதி வழியில், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இந்த 'ங்க'வ இனிமே வுட்டுடு. நானும் 'டா'வ வுட்டுடறேன்."

"இன்னான்னு கூப்புடறது அப்போ?"

"பேரச் சொல்லித்தான். வச்சிக்கினு இருக்கறது எதுக்கு?"

மறுநாள் காலை நான் அவரைப் பேர் சொல்லி எழுப்பியபோது என் நாக்கு கூசியது. பத்து நாளில் பழகிவிட்டது. பட்டாணியைவிடக் கஷ்டம்தான்.

நாங்கள் பழகிய தொழிற்சாலையில் பெரிய கான்டீன் ஒன்று இருந்தது. சங்கு ஊதியதும் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாள் எனக்கு முன்னால் தரை கூட்டும் கிழவர் நின்றார். எனக்குப் பின்னால் கோட்டும் டையுமாக ஒருவர். பரிமாறும் பெண்மணி கிழவருக்குக் குழம்பை ஊற்றியபடி இரண்டு நிமிஷம் கதை பேசினாள். கோட்டு போட்டவர் தட்டோடு தம் முறைக்குக் காத்து நின்றார். அவர்தான் அந்தத் தொழிற்சாலைக்கே மானேஜர் என்று பிறகு தெரிந்தது. நான் அங்கே கற்ற லேத்தில் கடையும் வேலை, கேஜ் வைத்து அளக்கும் வேலை எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். இந்த வரிசையை எழுதி வைக்கவில்லை. தேவைப்படவில்லை.

ஊர் திரும்பினோம். ஷெட்டில் எங்கள் இருவரையும் மற்ற ஃபிட்டர்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் ஆக்கினார்கள். விழுப்புரம் வந்த இரண்டாம் வாரமே வானூர்க்காரர் தம் வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் தயங்கினேன்.

"எங்கம்மா கேப்பக் களி கிண்டி கோழி அடிக்கறேன்னு கீறாங்க. நீ வரலன்னா பேஜாராப் பூடும்," என்றார்.

போனேன். வாசலில் அவருடைய அம்மா முகம் மலர்ந்துதான் வரவேற்றார்கள். ஆனால் இலை போட்ட இடம் மாட்டுக் கொட்டகை. சுத்தமாகப் பெருக்கி, சாணம் தெளித்து, புதுப் பாய் போட்டிருந்தார்கள். அவர்கள் மனசுக்குத் தெரிந்த அதிகபட்ச மரியாதை அது. எனக்கும் அது புரிந்தது. பாயில் உட்கார்ந்தேன்.

வானூர்க்காரருக்குக் கூடத்தில் இலை போட்டிருந்தது. உள்ளே பேச்சுக் குரல் உயர்ந்தது. பிறகு அவர் தம் இலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, களியும் குழம்பும் சிந்தாமல் முற்றத்தைத் தாண்டி நடந்து வந்தார். பாயில் என் பக்கத்தில் இலையை வைத்து உட்கார்ந்தார்.

"துன்னு, ஆறிப்பூடும்," என்றார்.

இருவரும் சாப்பிட ஆரம்பித்தோம். ஒரு கன்றுக்குட்டி எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. சற்று நேரத்தில் அவருடைய அம்மா குழம்புச் சட்டியோடு கொட்டகைக்கு வந்தார்கள். மகன் இலையில் ஒரு கரண்டி ஊற்றினார்கள். என் இலைக்கு மேல் கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றினார்கள், உயரத்திலிருந்து அல்ல, குனிந்து. "நல்லாத் துன்னுப்பா, எளச்சிக் கீறியே," என்றார்கள். கோழிக் குழம்பு அவ்வளவு காரம். என் கண்ணில் நீர் வந்ததற்குக் காரத்தையே காரணமாகச் சொன்னேன்.

யுத்தம் முடியும் தறுவாயில் எங்கள் ஷெட்டிலும் கான்டீன் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆங்கிலோ-இந்திய ஃபோர்மன் என்னைக் கூப்பிட்டார். "நீ சீமையில் பார்த்தவன். நீயே முன்னின்று நடத்து," என்றவர், கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டார். "இரண்டு பக்கமாகத் தடுத்துவிடலாமா? வம்பு வேண்டாமே."

"ஒரே கொட்டகை, ஒரே வரிசை, ஒரே டம்ளர், சார். தடுப்பு வைக்கிறதென்றால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். என் பேர் வேண்டாம்."

அப்படி ஒரு துரையிடம் நான் பேசியதைக் கேட்டு எனக்கே வியப்பு. அவர் வாயிலிருந்த பைப்பைக் கையில் எடுத்தார். "சரி" என்றார்.

சமையலுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஆளையே வைக்கட்டும் என்று நான் விட்டுக்கொடுத்தேன். பரிமாறும் நான்கு பேரில் இரண்டு பேர் எங்கள் சேரிக்காரர்கள் என்பதில் மட்டும் விடவில்லை. பெஞ்சுகளை நானும் வானூர்க்காரரும் ஷெட்டுப் பலகையில் நாங்களே அறுத்துச் செய்தோம். நீளமான பெஞ்சுகள். பத்துப் பேர் உட்காரலாம்.

முதல் நாள் எல்லோரும் வரிசையில் வந்து சோறு வாங்கினார்கள். வாங்கிக்கொண்டு, ஊர்க்காரர்கள் வேப்பமரத்தடிக்கும் சேரிக்காரர்கள் கரிக்குவியலுக்கும் போய்விட்டார்கள். அத்தனை பெஞ்சிலும் நாங்கள் இரண்டு பேர். எதிரில் சாம்பார் வாளியோடு நின்ற பையன்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களைப் போய்க் கூப்பிட்டேன். "நமக்கு எதுக்குப்பா வம்பு? நீ சீமைக்குப் போய்க்கினு வந்தவன், ஒனக்குச் சரி," என்றார்கள். இரண்டு வாரம் அப்படியே போனது.  ஆனாலும் நாங்கள் இருவரும் ஒரு நாள்கூட அந்தப் பெஞ்சை விட்டு இடம் மாறி உட்காரவில்லை.

பிறகு ஐப்பசி பிறந்தது. ஒரு மத்தியானம் சங்கு ஊதும்போதே மழை பிடித்துக்கொண்டது. வேப்பமரத்தடி குளமாகிவிட்டது. கரிக்குவியலிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடியது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறுபது எழுபது பேர் கொட்டகைக்குள் நின்றபடியே இருந்தார்கள். சோறு ஆறியது. எங்கள் இருவரைத் தவிர யாரும் உட்காரவில்லை.

மீசை நரைத்த எஞ்சின் டிரைவர் ஒருவர் இருந்தார். ஊர்ப்பெருமை பேசுவதில் ஷெட்டிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. ராத்திரி வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், நல்ல பசி. அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். நேராக என் பெஞ்சுக்கு வந்தார்.

"கொஞ்சம் நவுந்து குந்துப்பா. ஜல்தியா துன்னுட்டுப் படுக்கணும்."

நான் நகர்ந்தேன். அவர் உட்கார்ந்தார். தலை நிமிராமல் பிசைந்து சாப்பிட்டார். பின்னாலேயே அவர் எஞ்சினில் கரி போடும் ஃபயர்மன் வந்து உட்கார்ந்தான். வானூர்க்காரர் எழுந்துபோய், ஓரமாக நின்ற கரி அள்ளும் ஆட்களைத் தோளில் தட்டிக் கூட்டிவந்து எதிர்ப்பெஞ்சில் உட்கார வைத்தார். மழைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. எழுபது பேரும் குனிந்து சாப்பிட்டார்கள். பரிமாறும் ஆட்களுக்குக் கை ஓயவில்லை.

மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் வெயில் அடித்தது. சிலர் மரத்தடிக்குத் திரும்பிப் போனார்கள். பாதிக்கு மேல் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டால் முதுகு வலிப்பதில்லை என்று அந்த டிரைவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் கான்டீனில் பெரிய கூச்சல் என்று என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தது. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற சண்டைதான் என்று நினைத்தேன். கையிலிருந்த அரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஊர்க்காரர்களும் சேரிக்காரர்களும் ஒன்றாக எழுந்து நின்று, சமையல்காரரைச் சூழ்ந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் அந்த மீசை டிரைவர். அவர் தோளோடு தோளாக ஒரு கரி அள்ளும் ஆள்.

"இன்னாய்யா இது, சோறா கஞ்சியா?" என்று டிரைவர் தட்டைச் சாய்த்துக் காட்டினார். "ஒரு வாரமா கொழஞ்சிக்கினே வருது!"

"சாம்பார்ல பருப்பே இல்லீங்க, தண்ணிதான்," என்றான் அந்த ஆள், டிரைவரின் தட்டையே காட்டி.

நான் இருவர் தட்டிலிருந்தும் விரலால் கொஞ்சம் சோற்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், மோசமாகக் குழைந்திருந்தது. சமையல்காரரைத் திட்ட வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற வானூர்க்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னாத்துக்குச் சிரிக்கற நீ?"

"சண்ட சோத்தப் பத்தித்தாம்பா," என்றேன்.

அன்றைக்கே சமையல்காரரிடம் தண்ணீரைக் குறைத்து வைக்கச் சொன்னேன்.